சைவ வீட்டு முற்றத்தில் சுட்ட கருவாடு

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகச் சில வருஷங்கள் ஓடிவிட்டன. பேனா கிடைக்காமல் இல்லை, நேரமும் இருந்தது. பயம்தான். எங்கள் சொந்தபந்தத்தில் சிலர் ரசத்தில் பூண்டு தட்டிப் போடுவதையே பெரிய துணிச்சலாக நினைக்கிறவர்கள். "கல்கத்தாவுக்குப் போனவ கருவாடு சுட்டாளாம்லா" என்று கல்யாணப் பந்தியில் யாராவது ஆரம்பித்தால், பாயசம் வருவதற்குள் நான் வங்காள விரிகுடாவையே காலி பண்ணியதாகப் பேச்சு முடிந்துவிடும். நானோ ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். மறுத்து எழுதவும் வராது.

ஆனால் ஒரு காலத்தில் எங்கள் சந்தில் இருந்த ஒரு குடும்பத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் இப்போது இங்கே நாலைந்து பேர்தான். அதில் என் வீட்டுக்காரரை விட்டால் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் முருகன் பேரைச் சொல்லி எழுதிவிடுகிறேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. மாற்றலாகி இங்கே கல்கத்தாவுக்கு வந்ததும் முதலில் காளிகாட்டில் குடியிருந்தோம். கோயில் பக்கத்திலேயே இருப்பது என் புண்ணியம் என்று நினைத்தேன். வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரர் வேறு மாதிரி நினைத்தார். சாம்பாரில் பெருங்காயம் போடும்போதெல்லாம் மாடிப்படியில் நின்று இருமுவார். முதலில் இருமல், பிறகு ஜன்னலை அடித்துச் சாத்துதல், கடைசியில் நேராகவே "உங்க மசாலா நாத்தத்துல என் சம்சாரத்துக்குத் தலைவலி" என்றார். நான் கொதிக்கிற குழம்பை எத்தனையோ நாள் பாதியில் இறக்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தயிர் சாதம் பிசைந்து கொடுத்துச் சமாளிப்பேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அங்கிருந்து கிளம்பித்தான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிதிர்பூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதிக்கு வந்தோம். மாடியில் வீட்டுச் சொந்தக்காரி. வெள்ளைப் புடவை, வெற்றிலை, வெடுக்கென்ற வாய். இங்கே சின்னம்மா முறையில் மாசிமா என்பார்கள், எல்லாருக்கும் அவர் மாசிமா. என்னை பௌமா என்று கூப்பிடுவார், மருமகள் மாதிரி. அவர் பேசியது பெங்காலி. எனக்குப் புரிந்த அளவில் தமிழில் சொல்கிறேன். வந்த அன்றைக்கே பெருங்காய டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டி, "இது எங்க சமையலுக்கு வேணும். இப்பவே மோந்து பாத்துருங்க, பொறவு ஒண்ணும் சொல்லப்படாது" என்றேன். மோந்து பார்த்தார். "ஐயோ, செத்த எலி மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போட்டுக்கோ, போட்டுக்கோ. இந்த வீட்டுல யார் அடுப்பையும் யாரும் அணைக்கச் சொல்ல மாட்டாங்க" என்றார். அதை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வருஷம் கார்த்திகையில், குளிர் ஆரம்பித்த நேரம், ஒரு நாள் காலையில் மாசிமா ஒரு வாழை இலையோடு சந்தின் கோடிக்குப் போனார். அங்கே பையன்களின் க்ளப் இருக்கிறது. ஓடு வேய்ந்த ஒரே அறை, உள்ளே கேரம் போர்டு. எந்நேரமும் காய் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்றைக்குக் காலையில் மட்டும் கேரம் கிடையாது. க்ளப்பின் பின்சுவர் ஓரமாகத் தண்ணீர் தெளித்து, இலையைப் போட்டு, சோறும் ஒரு பருப்பும் வைத்து, அகல் விளக்கு ஏற்றினார். சந்துக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கும்பிட்டார்கள். மிச்சப் பருப்பை ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தார் மாசிமா. எனக்கு மட்டும் இரண்டு கரண்டி.

"எப்படி இருக்கு சொல்லு, பௌமா. உங்க ஊர் பருப்புதானே?"

வாயில் வைத்தேன். வெல்லம் தித்திக்கிறது, நடுவில் சோம்பு கடிபடுகிறது, எங்கேயோ தூரத்தில் ஒரு புளிப்பு.

"பாயசம் நல்லாருக்கு மாசிமா" என்றேன்.

சந்தே சிரித்தது. மாசிமா சிரிக்கவில்லை. "பாயசமா! இது மதராசி தால். எங்கம்மா காலத்துலேர்ந்து இப்படித்தான் பண்றோம். செத்துப்போனவங்க உங்க ஆளுங்க" என்றார்.

அப்படித்தான் எனக்கு அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்தது. அந்தப் பெரிய யுத்த காலத்தில் ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டன. இதே கார்த்திகை நாளில், பட்டப்பகலில் வந்தனவாம். கப்பலுக்கும் கிடங்குக்கும் குறி வைத்த குண்டில் ஒன்று சந்தின் கோடியில் இருந்த ஒரு வீட்டின் மேல் விழுந்தது. அந்த வீட்டில் மதராசிக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், அவர் மனைவி, பிள்ளைகள். ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த இடத்தில் பிறகு யாரும் வீடு கட்டவில்லை. கடைசியில் பையன்கள் ஓர் அறை எழுப்பிக் கேரம் போர்டைக் கொண்டு வந்து போட்டார்கள்.

இங்கே மதராசி என்றால் விந்தியத்துக்குத் தெற்கே பிறந்த எல்லாரும்தான். தமிழரா தெலுங்கரா என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. பேர் தெரியவில்லை. எத்தனை பேர் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்கு. க்ளப்பில் ஒரு பையன், "அவங்க ரகசியப் போலீஸ், ஆன்ட்டி. ஜப்பான்காரன் குறி பார்த்துப் போட்டான்" என்று அடித்துச் சொன்னான். இன்னொருவன் அந்த வீட்டில் தங்கக்கட்டி புதைந்திருக்கிறது என்றான். தங்கக்கட்டிக்கு மேல் உட்கார்ந்துகொண்டா உடைந்த கேரம் போர்டில் ஆடுகிறீர்கள் என்று கேட்டேன்.

மறுவருஷம் நானே நல்ல சாம்பார் வைத்துக்கொண்டு போனேன். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், ஊரிலிருந்து வந்த பொடி. இலையில் வைத்தோம். சந்துக்காரர்கள் ருசி பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது மதராசி தால் இல்ல" என்று ஒரே முடிவாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் சிரிப்பு அடங்கவில்லை. "உனக்கு மெட்ராஸ் சமையல் தெரியலயாம்ளா, பெங்காலிக்காரங்ககிட்ட போய்ப் படிச்சுட்டு வா" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். அப்புறம் வருஷா வருஷம் இலையில் இரண்டும் இருந்தன, மாசிமாவின் பாயசமும் என் சாம்பாரும்.

இப்படியே போயிருக்கும். ஆனால் மாசிமாவின் மகன் நியூ டவுனில் பெரிய கட்டடத்தில் ஃப்ளாட் வாங்கினார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, இந்த வீட்டை இடித்துக் கட்ட ஆள் பார்த்துவிட்டார். மாசிமாவுக்கு எண்பது நெருங்கிவிட்டது. மாடிப்படி ஏற முடியவில்லை. "லிஃப்ட் இருக்காம். பதினாலாவது மாடி. கீழே பார்த்தா மனுஷங்க எறும்பு மாதிரி தெரிவாங்களாம். எறும்பு பார்க்கவா நான் இத்தனை வருஷம் உயிரோட இருந்தேன்?" என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தார். கார்த்திகை முடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. அந்த வருஷ இலைதான் அவர் போடும் கடைசி இலை.

அதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு மத்தியானம் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மாசிமா மெதுவாக இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பௌமா, அந்த மதராசி தால் இருக்கே, அது பொய்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது எனக்கு அன்னிக்கே தெரியும் மாசிமா."

"சிரிக்காதே, கேளு. அவங்க அதெல்லாம் சாப்பிடவே இல்ல. அவங்க சாப்பிட்டது பழைய சோறும் ஷுட்கியும்."

ஷுட்கி என்றால் கருவாடு. இங்கே மீன் இல்லாமல் ஒரு வேளை கழியாது. ஆனாலும் இந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களுக்குக் கருவாடு என்றால் ஆகாது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் விரும்பிச் சாப்பிடுவார்கள், இவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள்.

மாசிமாவுக்கு அப்போது ஆறு வயதாம். அந்த வீட்டில் அதே வயதில் ஒரு பெண் இருந்தாள். இரண்டு பேரும் ஷோய், அதாவது சாமி முன்னால் பூ மாற்றிச் சிநேகிதம் ஆனவர்கள். அப்படி ஆகிவிட்டால் ஒருத்தி பேரை ஒருத்தி சொல்லக் கூடாது, ஷோய் என்றுதான் கூப்பிட வேண்டும். "அதனாலதான் பேர் மறந்து போச்சு. சொல்லிப் பழகியிருந்தா மறந்திருக்குமா?" என்றார்.

குண்டு விழுந்த அன்றைக்குக் காலையில் அந்த வீட்டம்மா கரி அடுப்பில் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பழைய சோற்றுத் தட்டோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாசிமாவின் அம்மா குளித்து, பட்டுடுத்தி, காளிகாட் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், நாற்றம் தாங்காமல் சந்தின் கோடிக்கே போய் நின்று கத்தினார். சாமி கும்பிடப் போகிற நேரத்தில் இதென்ன பிண நாற்றம், உடனே அடுப்பிலிருந்து எடு என்று. அந்த அம்மா கருவாட்டை எடுத்துச் சாக்கடையில் போட்டார். பிள்ளைகள் வெறும் பழைய சோற்றைச் சாப்பிட்டார்கள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாசிமா எல்லாவற்றையும் பார்த்தார். "ஷோய் என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினா. கோபமா வேடிக்கையான்னு தெரியல. நானும் துருத்தினேன்."

அம்மாவும் மகளும் காளிகாட் போனார்கள். திரும்பி வரும்போது சந்தின் கோடியில் வீடு இல்லை.

"எங்கம்மா மறுவருஷத்துலேர்ந்து இலை போட ஆரம்பிச்சா. ஆனா அந்த மீனைப் பத்தி ஒரு நாளும் வாயைத் திறக்கல. யாரோ மதராசிங்க பருப்புதான் சாப்பிடுவாங்கன்னு சொன்னாங்க, அதைப் பிடிச்சுக்கிட்டா. பருப்புக்கு நாத்தம் கிடையாது பாரு." மாசிமா என் கீரையில் இரண்டு தண்டை எடுத்து ஒடித்துக்கொண்டே இருந்தார். "இந்த ஒரு தடவையாவது அவங்க சாப்பாட்டை அவங்களுக்குக் குடுக்கணும். நான் தாலியறுத்தவ, எங்க வழக்கப்படி மீனைத் தொட மாட்டேன். என் மருமகளுக்கு மீன்னாலே உடம்பெல்லாம் தடிக்கும். உங்க பக்கத்துப் பொம்பள கையால சுட்டுப் போட்டா அவங்களுக்கும் திருப்தியா இருக்கும். நீதான் சுடணும், பௌமா."

என் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் முட்டை கூட நுழைந்ததில்லை. கார்த்திகையில் நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் விரதம். அந்த வருஷம் இலை போடும் நாளும் திங்கட்கிழமை. கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"நீ என்ன நினைக்கே?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்க சொல்லுங்க. பாவம் வருமா வராதா?"

"மேலே இருந்து போட்டவன் சைவமா அசைவமான்னு கேட்டா போட்டான்?" என்றார். பிறகு, "நீ சுடாட்டா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். சுட்டாலும் ஒண்ணும் நினைக்க மாட்டேன். அடுப்பை மட்டும் முற்றத்துல வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார். ஆண்பிள்ளைகள் இப்படித்தான், பாதித் தைரியம் கொடுத்துவிட்டு மீதியைக் காப்பியில் கரைத்துவிடுவார்கள்.

முருகன் படத்தின் முன்னால் நின்று கேட்டேன். வேலைப் பிடித்துக்கொண்டு எப்போதும் போல் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வாயால் பதில் வாங்க முடியாது. ஆனால் விளக்குத் திரியை ஏற்றும்போது காளிகாட் வீட்டு மாடிப்படி இருமல் காதில் விழுந்த மாதிரி இருந்தது. பாதி கொதித்த குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குத் தயிர் சாதம் பிசைந்ததும் ஞாபகம் வந்தது. எனக்கு மறுநாள் வேறு குழம்பு வைக்க முடிந்தது. அந்த அம்மாவுக்கு மறுநாள் வரவில்லை.

அதோடு முடிவு பண்ணிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற தூத்துக்குடிப் பெண் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு இட்லி சாப்பிட வருவாள். அவளுக்கு ஊரிலிருந்து அம்மா பார்சல் அனுப்புவது எனக்குத் தெரியும். போன் போட்டேன்.

"உங்கிட்ட கருவாடு இருக்காம்மா?"

"ஆன்ட்டி, நீங்கதான் பேசுதீங்களா? போனை யாரும் எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

விஷயத்தைச் சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது. "நானே வந்து சுட்டுத் தாரேன் ஆன்ட்டி. நீங்க தொடவே வேண்டாம். லீவு போட்டுருதேன்" என்றாள். எனக்குத் தலையிலிருந்து மலை இறங்கிய மாதிரி இருந்தது. மாசிமாவுக்கும் சம்மதம், அவளும் தெற்கத்திப் பெண்தானே. ஞாயிற்றுக்கிழமையே வந்து, நாலு சுற்றுப் பிளாஸ்டிக்கில் கட்டிய கருவாட்டுப் பொட்டலத்தை முற்றத்துக் கொய்யா மரத்தில் உயரமாகத் தொங்கவிட்டுப் போனாள். அன்று ராத்திரி பேட்டைப் பூனைகள் எல்லாம் அந்த மரத்தடியில் மாநாடு நடத்தின.

திங்கட்கிழமை காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்தேன், போன் அடித்தது. "ஆன்ட்டி, லீவு கேன்சல் பண்ணிட்டாங்க. ஆபீஸ்ல சிஸ்டம் எல்லாம் நின்னு போச்சு, க்ளையன்ட் கத்துதான். அழுகையா வருது ஆன்ட்டி" என்றாள்.

முற்றத்தில் மாசிமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் ராத்திரி அவரே தண்ணீர் ஊற்றி வைத்த சோறு பக்கத்தில் ஒரு சட்டியில் இருந்தது. கரி அடுப்பில் நெருப்புத் தயார். நான் போனைக் கீழே வைத்ததைப் பார்த்தார். "சரி, பருப்பே போடுவோம்" என்று எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் பிடித்துக்கொண்டது.

"உக்காருங்க" என்றேன். கொய்யா மரத்திலிருந்து பொட்டலத்தை அவிழ்த்தேன்.

பிறகு அந்தப் பெண்ணுக்கே வீடியோ கால் போட்டேன். ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு மெல்லிய குரலில் சொல்லிக் கொடுத்தாள். "தலையைக் கிள்ளிப் போடுங்க. தண்ணியில ஒரு அலசு. அப்படியே தணல்ல வைங்க ஆன்ட்டி, எண்ணெய் வேண்டாம். திருப்புங்க, திருப்புங்க, கருகிரும்!" தொட்டவுடன் என் உடம்பு சிலிர்த்தது உண்மை. "முருகா முருகா" என்று சொல்லிக்கொண்டே திருப்பினேன். "ஏன் ஆன்ட்டி மீனைப் பாத்து முருகா முருகாங்கிய, அது பயந்துரப் போவுது" என்றாள்.

புகை எழுந்தது. ஐயோ, அந்த வாசனையை எழுத எனக்குத் தமிழ் போதாது. முற்றத்தை நிறைத்து, மதிலைத் தாண்டி, சந்துக்குள் இறங்கியது. பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. அந்த வீட்டுக்காரர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"யார்றா அது ஷுட்கி சுடறது? காலங்காத்தால பேட்டையே நாறுது! அணை அடுப்பை!"

என் கை தன்னால் கருவாட்டை எடுக்கப் போய்விட்டது. பழக்கம் பாருங்கள்.

மாசிமா என் மணிக்கட்டைப் பிடித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வருமென்று நான் நினைக்கவில்லை.

"நான்தான் சுடறேன்! நாறட்டும்! ஜன்னலைச் சாத்து, இல்லேன்னா மூக்கைச் சாத்து! அவங்க சாப்பிட்டு எழுந்திருக்கிற வரைக்கும் இந்த அடுப்பு அணையாது. கேட்டுச்சா? அணையாது!"

ஜன்னல் மூடிக்கொண்டது. மாசிமா உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "புகை" என்றார். "ஆமா, புகைதான்" என்றேன். போனுக்குள்ளிருந்து அந்தப் பெண், "ஆன்ட்டி, திருப்புங்க!" என்று கத்தினாள்.

இலையில் பழைய சோறு, சுட்ட கருவாடு, ஒரு பச்சை மிளகாய். ஓரத்தில் பழக்கத்துக்காக ஒரு கரண்டி பாயசப் பருப்பும். க்ளப்பின் பின்சுவரில் வைத்து விளக்கேற்றினோம். மாசிமா குனிந்து இலையைப் பார்த்து நாக்கைத் துருத்தினார். சந்துக்காரர்கள் வயசாகிப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் தெரியும்.

நான் காகத்தை எதிர்பார்த்து மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காகத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் பூனை வந்து பெரிய துண்டைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. பின்னாலேயே காகங்களும் வந்தன. "கருவாடு வச்சா காக்கா மட்டுமா வரும்?" என்றார் என் வீட்டுக்காரர். வீட்டுக்கு வந்து தலை முழுகி, மறுபடி விபூதி பூசி, விரதத்தைத் தொடர்ந்தேன். சாயங்காலம் விளக்கேற்றும்போது முருகன் எப்போதும் போலத்தான் சிரித்தார்.

மாசிமா நியூ டவுன் போன மறுவருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். நாங்கள் பக்கத்து வீட்டு மாடிக்குக் குடிபோனோம். ஆமாம், துண்டால் மூக்கை மூடியவர் வீடுதான். கருவாடு சுட்ட அன்று சாயங்காலமே வந்து மாசிமாவிடம் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தலையைக் குனிந்துகொண்டு போனவர். இப்போது வருஷா வருஷம் வாழை இலை அவர் செலவு. கருவாடு நான் சுடுகிறேன். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார், ஆனால் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என் வீட்டுக்காரருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. நாங்கள் ஊருக்குப் போய்விடுவோம். "போங்க, நான் இலை போடறேன். யார் கிட்டயாவது சுடக் கத்துக்கறேன்" என்கிறார் மூக்கை மூடிய அந்த மனிதர். செய்வார் என்று நம்புகிறேன். இருந்தாலும் இதை எழுதி வைப்பது அதற்காகத்தான்.

படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்று மட்டும் தயவு பண்ணுங்கள். கௌரவத்துக்காக அவர்களைச் சைவமாக்கிவிடாதீர்கள், ஏற்கெனவே ஒரு சந்தே அப்படிச் செய்து அவர்களுக்கு அத்தனை வருஷம் வெல்லப் பருப்பு போட்டது. தமிழர் என்று அடித்துச் சொல்லாதீர்கள், எனக்கே தெரியாது. ரகசியப் போலீஸ் வேண்டாம், தங்கக்கட்டி வேண்டாம். எத்தனை பேர் என்று கேட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். காகம் முதலில் வந்தது என்று மாற்றாதீர்கள், பூனைதான் வந்தது. ஒரு அம்மா கருவாடு சுட்டாள், பிள்ளைகள் தட்டோடு காத்திருந்தார்கள், அதில் ஒருத்தி நாக்கைத் துருத்தினாள். இவ்வளவுதான் அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது. இதை இப்படியே சொல்லுங்கள்.